வெள்ளையாக விட்ட இடம்

நகரத் திட்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வரைபடம் வரைகிறவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் சொந்தபந்தங்களுக்கு அவள் இன்னும் சின்னவள்தான். மேலே ஒரு அக்கா இருக்கிறாளே, அதனால். அக்காவுக்கு அறுபத்தொன்று. அவள் உயிரோடு இருக்கிறவரை தங்கைக்கு வயது ஏறாது என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம்.

சின்னவள் செய்த தப்பைச் சொல்வதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் மூடிய தாள்.

பதினான்கு வருடத்துக்கு முன் ஊருக்குப் பெரிய வரைபடம் ஒன்று தயாரானது. ஆற்றின் மேல்பக்கம் நீர்நாய்கள் இருந்தன. அந்த இடத்தில் சின்னவள் ஆசையாக ஒரு குட்டி நீர்நாய்ப் படத்தை வரைந்து வைத்தாள். மீசையைக்கூட விடவில்லை. படம் நூலகத்தில் தொங்கியது, பள்ளிக்கூடத்தில் தொங்கியது. அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நீர்நாய் கிழித்துப்போட்ட வலையை வருடம் முழுக்கத் தைத்துத் தைத்து வெறுத்துப் போயிருந்தவர்களும் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அப்புறம் படத்தில் வழியைப் பார்த்துக்கொண்டு பொறிகளோடு போனார்கள். ஒரே மாதத்தில் ஏழு. கரையில் வரிசையாகக் கிடத்தியிருந்ததைச் சின்னவள் போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்போதிருந்த அதிகாரி நல்ல மனிதர். அவர்தான் மூடிய தாளை ஏற்பாடு செய்தார். வெளியே தெரியக் கூடாத இடங்களைப் பொது வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவிட வேண்டியது. அவற்றை மட்டும் தனியாக ஒரு கண்ணாடித் தாளில் பென்சிலால் குறிக்க வேண்டியது. தாள் சின்னவளின் மேசை இழுப்பறையில் இருக்கும், சாவி அவள் கைப்பையில் இருக்கும். சாலையோ சாக்கடையோ எது போட வேண்டுமானாலும் முதல் நாளே அந்தத் தாளை எடுத்து வரைபடத்தின் மேல் விரித்து, அதிகாரியும் அவளும் மட்டும் பார்ப்பார்கள். கோடு எங்காவது இடித்தால் ரப்பரால் அழித்து வளைத்துவிடுவார்கள். ஏன் வளைந்தது என்று யாருக்கும் சொல்வதில்லை. தாளில் முத்திரை கிடையாது. முத்திரை போட்டால் பதிவேட்டில் ஏறும், பதிவேட்டில் ஏறினால் ஊரில் ஏறும். தேதியும் கிடையாது. "ரெண்டு பேருக்கு மேல தெரிஞ்சா அது ரகசியம் இல்லம்மா, செய்தி" என்பார் அந்த அதிகாரி.

தாளில் முதலில் ஏறிய இடம் அக்காவுடையது.

ஆறு வளைகிற இடத்தில் நாலரை ஏக்கர். அக்காவும் அத்தானும் காய்கறி போடலாம் என்று வாங்கினார்கள். வெள்ளம் வருடா வருடம் வந்து அறுவடை செய்துகொண்டு போனது. அத்தான் போன பிறகு அக்கா மண்வெட்டியை மூலையில் சாய்த்துவிட்டு, "ஆத்துக்கே வேணும்னா ஆறே வெச்சுக்கட்டும்" என்றாள். நாணல் வளர்ந்தது. மேட்டு வேர்களுக்கு அடியில் ஒரு வளை தோன்றியது. மேல்பக்கத்து ஏழில் சேராமல் தப்பித்த ஒரு பெண் நீர்நாய் அங்கே வந்து குடியேறியது.

அதற்குப் பிறகு அக்கா அந்த நிலத்தில் செய்யாமல் விட்டவற்றைப் பட்டியல் போட்டால் ஒரு நோட்டு நிரம்பும். நாணலை அறுக்கவில்லை. ஆற்றுப் பக்கம் வேலி கட்டவில்லை. வீட்டில் நாய் வளர்க்கவில்லை. ஒரு கட்டுமானக்காரர் மூன்று முறை விலை பேச வந்தார், உட்கார நாற்காலிகூடப் போடவில்லை. அதோடு நிற்காமல் ஆற்றோரமாக மேலே நடந்துபோய் வீடு வீடாகப் பேசி, ஒன்பது நிலக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினாள். அவரவர் நிலத்தில் கரையோரம் இருபது அடியை வெட்டாமல், கட்டாமல் விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தம். நீர்நாய் என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கவில்லை. "கரை அரிக்காம இருக்கும்" என்றாள். அதுவும் உண்மைதான். முதல் கையெழுத்து போட்டவர் பால்காரர். "அக்கா கேட்டா மாட்டையே அவுத்துத் தருவேன், இருபதடி என்ன பிரமாதம்?" என்று சொல்லிப் போட்டார்.

சின்னவளைக்கூட அக்கா பின்பக்கக் கதவைத் தாண்டவிட்டதில்லை.

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேனே" என்பாள் சின்னவள்.

"ஒரு மண்ணும் வேணாம். உன் சோப்பு வாசனைக்கே அதுங்க மூணு நாள் வெளிய வராது. நீ படத்துல போடாம இரு, அது போதும்."

பதின்மூன்று வருடம். வளையின் வாய் எந்த வேருக்குக் கீழே என்று பென்சிலில் துல்லியமாகக் குறித்தவள், உயிரோடு ஒரு நீர்நாயைப் பார்த்ததில்லை. அக்கா சொல்லித்தான் எல்லாம் தெரியும். காலையில் கரைக்கல்லில் உட்கார்ந்து மெல்ல ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருந்தால் போதுமாம், கைக்கெட்டும் தூரத்தில் வந்து மீனைக் கடித்துத் தின்னுமாம். தலையிலிருந்துதான் ஆரம்பிக்குமாம்.

நல்ல அதிகாரி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் இறந்தும் போனார். புதியவர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு, மேசையில் தூசு இருக்காது. அவரிடம் மூடிய தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று சின்னவள் முதல் வாரமே நினைத்தாள். ஆள் எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். பார்த்தாள், பார்த்தாள், எட்டு மாதம் பார்த்தாள். பெண் கொடுக்கப்போகிறவர்கள்கூட மாப்பிள்ளையை அவ்வளவு நாள் பார்க்க மாட்டார்கள்.

அதற்குள் அக்காவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. வேலியில் காயப்போட்டிருந்த மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க, ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்று கூப்பிட்டாளாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இரண்டு கண்ணும், பத்து நாள் இடைவெளியில். சின்னவள் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலும் பிறகு தன் வீட்டிலும் அக்காவோடு இருந்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு அக்கா படுத்திருந்த கட்டிலின் கம்பியில் சின்னவளின் கைப்பை தொங்கியது. பைக்குள் இழுப்பறைச் சாவி இருந்தது.

அந்த மூன்று வாரத்தில்தான் புறவழிச் சாலைக்குக் கோடு போட்டார்கள். பாலத்திலிருந்து இரண்டு வழி. நீலக் கோடு பதினோரு வீட்டை இடித்துக்கொண்டு போகும், அதில் பால்காரர் வீடும் ஒன்று. வேறு வழி உண்டா என்று புது அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். ஆற்று வளைவில் பளிச்சென்று வெள்ளை. "இது என்ன இடம்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர், "காலி இடம் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்தின் கீழே சின்னவளின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: வெள்ளை, பயன்பாடு இல்லாத நிலம்.

அவள் விடுப்பு முடிந்து வந்தபோது சுவரில் அந்த வெள்ளையின் நடுவே சிவப்புக் கோடு ஓடியது. கையில் டீ டம்ளர் இருந்தது. அதை எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கு ஓடினாள், கதவைத் தட்டக்கூட இல்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்ப வரைஞ்சது?"

"பதிமூணு வருஷம் ஆச்சு சார்."

"தேதி இல்லையே."

"போட மாட்டோம் சார்."

"முத்திரையும் இல்ல." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இந்த நிலம் யாரோடது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்தாள். பழைய அதிகாரிக்குத் தெரியும். தெரிந்தது போதும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

"எங்க அக்காவோடது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் உங்கள நம்பறேன் மேடம். ஆனா நான் நம்பறது ஒரு ஆவணம் இல்லையே. வெளிய கேட்டா என்ன சொல்லுவாங்க? வேலியே பயிர மேயுதுன்னு சொல்ல மாட்டாங்களா?" தாளை அவளிடமே நீட்டிக்கொண்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், இதையும் சொன்னார்: "அன்னைக்கே இந்தத் தாள் மேல இருந்திருந்தா, பழைய சூளைப் பக்கமா வளைச்சிருப்பேன். அரை மணி நேர வேலை. இப்ப ரெண்டு கோட்டுக்கும் மேலிடத்துல ஒப்புதல் வாங்கியாச்சு. ரெண்டுல ஒண்ணுதான்."

அரை மணி நேரம். அந்த இரண்டு வார்த்தை அவளை விடவே இல்லை. சாப்பிடும்போது கேட்டது, பேருந்தில் கேட்டது, கை கழுவும்போது கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடிக்கொண்டே கெட்டவள்.

வீட்டில் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணிகளை ஒவ்வொன்றாக நிறம் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தாள். "அடியே, அந்தச் சட்டையில பொத்தான் ஒண்ணு இல்லடி! இங்கேருந்தே தெரியுது!" என்றாள். "இன்னும் ஒரு வாரம். போனதும் அதுங்க மூஞ்சிய நல்லா பாக்கணும். நாலு வருஷமா எல்லாம் பழுப்பு மூட்டையாத்தான் தெரிஞ்சுது."

சின்னவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதம், சாவி, கைப்பை, வெள்ளை, சிவப்பு. எதையும் விடவில்லை. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கூட்டத்துல சொல்லிடலாம்" என்றாள் கடைசியில். "மறைச்சது போதும்."

நிலக்காரர்களும் ஊர்க்காரர்களும் கூடி இரண்டில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த ஊர்த் திட்ட முறை. நகர மன்றத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அக்கா எழுந்து, தன் நிலத்தில் ஆறு நீர்நாய்கள் இருக்கின்றன என்று சொன்னாள். பெரிய ஒன்றும் இளையவை ஐந்தும் என்று சொன்னாள். பதின்மூன்று வருடம் கட்டிக் காத்த ரகசியம் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "பக்கத்துலயேதான் இருக்கோம், ஒரு வாலைக்கூடப் பாத்ததில்லையே!"

வனத்துறை ஆய்வாளர் எழுந்தார். அதிகாரிதான் அவரை முந்தின வாரம் அனுப்பிவைத்திருந்தார். "அந்தம்மா சொல்றது உண்மை. தடம் இருக்கு, வளை இருக்கு" என்றார். மன்றம் அடங்கிவிட்டது. சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். அந்த ஒரு கணம் இருவரும் நம்பினார்கள்.

"ஆனா பயப்பட வேணாம்" என்று தொடர்ந்தார் ஆய்வாளர். "மேல்பக்கம் ஒன்பது பேர் கரையோரத்த விட்டு வெச்சிருக்காங்க. நல்ல இடம். அங்க போய்க்கும்."

அக்கா வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய ஒன்பது கையெழுத்தும் அவளுக்கு எதிராகவே வந்து நின்றன. ஊருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வீடும் பிழைத்தது, விலங்கும் பிழைத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அதுங்க போகலன்னா?" என்றாள் அக்கா.

"மெஷின் சத்தம் கேட்டா தானா போயிடும்மா."

"சத்தம் கேட்டா அதுங்க ஓடாது சார். வளைக்குள்ள போய் பதுங்கும். மெஷின் அந்த வளையத்தானே மூடப்போகுது?"

ஆய்வாளர் காகிதத்தைப் பார்த்தார். "வேலைக்கு ரெண்டு வாரம் அவகாசம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது பால்காரர் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "அக்கா, கரை அரிக்கக் கூடாதுன்னுதானே எங்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க? நானும் போட்டேன். பதிமூணு வருஷமா அங்க ஒரு புல்லுகூட அறுக்கல." அவர் அக்காவை நேராகப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன பொறி வைக்கிற ஆளா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்க ஒன்பது பேரும் வந்து அந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்போம். இப்ப வந்து என் வீடு போகட்டும்னு கேக்கறீங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சிவப்புக் கோட்டுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். பால்காரர் கடைசியாகத் தூக்கினார், தரையைப் பார்த்துக்கொண்டே. அவரைத் திட்ட சின்னவளுக்கு வாய் வரவில்லை. தன் வீடென்றால் அவளும் தூக்கியிருப்பாள்.

இரண்டு வாரமும் அக்கா கரைக்கல்லில் உட்காராமல் இருந்து பார்த்தாள். அதுங்க போகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து அவளைத் தேடின. மெஷின்கள் வரும் நாள் காலையில் சின்னவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அக்கா புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்தில் மண் நிரப்பிய சாக்கு ஒன்று, பழைய அலுமினியத் தட்டு ஒன்று, கரண்டி ஒன்று.

"சோப்பு போட்டுக் குளிச்சியா?"

"ஆமா."

"நல்லது. வா."

பதின்மூன்று வருடம் தாண்டாத கதவைச் சின்னவள் தாண்டினாள். நாணல் தலைக்கு மேல் நின்றது. அக்கா உதட்டில் விரல் வைத்து ஒரு மேட்டைக் காட்டினாள். கீழே ஆற்றில், ஒரு கல் எறிகிற தூரத்தில், அவை இருந்தன. ஈரமான தலைகள் மேலே வந்தன, முங்கின, மறுபடி வேறிடத்தில் வந்தன. ஒன்று மல்லாந்து கிடந்து ஒரு மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது. தலையிலிருந்துதான் ஆரம்பித்தது. தான் அன்று வரைந்த படத்தில் மீசை சரியில்லை என்று சின்னவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிசுக்கு மோவாயெல்லாம் நரைச்சிருக்குடி" என்றாள் கிசுகிசுப்பாக. "எனக்குத் தெரியவே இல்ல. காதுல ஒரு கிழிசல் வேற." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவளுக்குக் கண் வந்த பிறகு சூரியன் போகிறது.

"எல்லாம் வெளிய இருக்கு. நான் போய் வளைய அடைச்சிடறேன். அடைச்சதும் நீ தண்ணி ஓரமா இறங்கித் தட்டு. மேல்பக்கமா விரட்டு. தட்டுக்குப் போகலன்னா மண்கட்டிய எடுத்து வீசு, பாவம் பாக்காதே."

"நான் மாட்டேங்கா. நீயே..."

"என்னைப் பாத்தா அதுங்க ஓடாதுடி." அக்கா சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உம்மேல எனக்குக் கோவம் இருக்கு. அது சாகறவரைக்கும் இருக்கும். எம்மேலயும் இருக்கு. அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பத்து மணிக்கு மெஷின் வந்துடும். இப்ப போ."

அக்கா வேர்களைப் பிடித்து இறங்கி, வளையின் வாயில் சாக்கை வைத்துக் காலால் அழுத்தி அடைத்தாள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கையைக் காட்டினாள்.

சின்னவள் தட்டினாள். முதல் அடி தட்டில் சரியாகக்கூட விழவில்லை. இரண்டாவது விழுந்தது. நாணலிலிருந்து கொக்குகள் எழும்பின. தண்ணீரில் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. அவள் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தினாள், "போங்க! போய்த் தொலைங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒன்று வளையைப் பார்த்து நீந்தி வந்தது. மண்கட்டியை எடுத்து எறிந்தாள். அதன் முகத்துக்கு முன்னால் தண்ணீர் தெறித்தது. இன்னொன்று எறிந்தாள். அவை மேல்பக்கம் திரும்பின. பால்காரரின் இருபதடிக் கரையை நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீரில் கோடு விழ நீந்திப் போயின. வளைவு தாண்டும்வரை அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. கை மரத்துப் போயிருந்தது.

"எத்தனை போச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"அஞ்சு. எண்ணினேன். அஞ்சும் போயிடுச்சு."

ஆறாவது எங்கே என்று சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவின் காலடியில், சாக்குக்குப் பக்கத்தில், நரைத்த மோவாயோடு அந்தப் பெரியது கரையேறி நின்றிருந்தது. இத்தனை சத்தத்துக்கும் அது தனக்குத் தெரிந்த ஒரே ஆளிடம் வந்திருந்தது. ஈரத்தை உதறிவிட்டு, அடைத்திருந்த வாயை முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தது. அக்காவும் அதைப் பார்த்தாள். கண் தெளிந்த பிறகு அவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"போடி" என்றாள் அக்கா, தங்கையைக் கூப்பிடுகிற அதே குரலில். "போடி கண்ணு. போ."

அது போகவில்லை. இன்னும் ஓரடி கிட்டே வந்தது.

அக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒரு மண்கட்டியை எடுத்தாள்.